வெள்ளிக்கிழமைத் துப்பாக்கி

எனக்குச் சக்களத்தியாக வந்து சேர்ந்தது ஒரு துப்பாக்கி. இதைச் சொன்னால் என் மகள்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குக் குவைத்தும் தெரியாது, எண்பதுகளில் அங்கே ஒரு வெள்ளிக்கிழமைக்கு இருந்த மதிப்பும் தெரியாது.

என் கணவர் குவைத்தில் ஃபஹாஹீல் என்ற ஊரில் ஒரு சின்ன காண்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான கையோடு அவர் விமானம் ஏறிவிட்டார். ஃபேமிலி விசா வருகிற வரைக்கும் லால்குடிப் பக்கத்தில் மாமியார் வீட்டில் நான் காத்துக் கிடந்தேன். ஒருவழியாக விசா கிடைத்து நானும் கிளம்பியபோது, இனி இந்த மனிதர் முழுசாக எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். போன பிறகுதான் தெரிந்தது, சனிக்கிழமை தொடங்கி வியாழன் மத்தியானம் வரைக்கும் அவர் கம்பெனிக்கு. விடியும் முன் டியூட்டிக்குக் கிளம்புவார். இருட்டிய பிறகு வருவார். சோற்றில் கை வைத்திருக்கும்போதே கண் சொருகும். எனக்கென்று முழு நாளாக மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

அந்த ஒரு நாளும் காலையில் இட்லி ஆவி அடங்குவதற்குள் கீழே தெருவில் ஒரு பிக்கப் வண்டியின் ஹாரன் அடிக்கும். கஃபீல் வந்துவிட்டார். கஃபீல் என்றால் என் கணவருக்கு விசா கொடுத்த முதலாளி. அரபிக்காரர் என்றதும் அரண்மனையும் தங்கக் குழாயும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு லாரியும் ஒரு ஸ்டோரும் வைத்துப் பிழைத்த மனிதர், ஆணி வாங்கினால்கூடப் பேரம் பேசுவார். வஃப்ரா பக்கம் அவருக்கு ஒரு சின்னத் தோட்டம் இருந்தது. தக்காளி, வெள்ளரி, கொஞ்சம் ஆடு. வெள்ளிக்கிழமை அங்கே போய், தன் தம்பியோடு போட்டி போட்டு டின்களைச் சுடுவதுதான் அவருடைய ஒரே பொழுதுபோக்கு.

அதற்கென்று ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். பாயிண்ட் டூ டூ என்பார் என் கணவர். சின்னக் குழல், என் சுண்டு விரல் நுனியளவு தோட்டா, பெரிய சத்தமும் கிடையாது. அதற்கு இத்தனை கொண்டாட்டம். என் கணவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், மணல் மேட்டில் டின்களை அடுக்குவது, துப்பாக்கியைத் துடைப்பது, எல்லாரும் சுட்டு முடித்ததும் கடைசியாகத் தானும் நாலு குண்டு சுட்டுக்கொள்வது.

"கஃபீல் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? விசா அவர் கையில இருக்கு" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஹாரன் சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேனே! செருப்பை மாட்டும்போதே பாட்டு முணுமுணுப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை.

பொழுது சாய வருவார், சட்டையில் துப்பாக்கி எண்ணெய் வாசனையோடு. வந்ததும் வராததுமாகக் கதை ஆரம்பிக்கும். கட்டை வால்நட் மரமாம், தடவினால் வழுக்குமாம், குழலை வெயிலில் காட்டினால் நீலம் ஓடுமாம். நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்பேன். என் கையைப் பிடித்துப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா இந்த மனிதர்? எனக்கு வயிறு எரியும். பெண்ணாக இருந்தால் நாலு கேள்வி கேட்டுவிடலாம். மரக்கட்டையோடும் இரும்போடும் எப்படிச் சண்டை போடுவது?

அந்தச் சமயத்தில் கஃபீலுக்குக் குறி தப்ப ஆரம்பித்தது. ஐம்பது தாண்டிவிட்டார், கண் மங்கிவிட்டது. துப்பாக்கிமேல் இருக்கிற குறிமுனையைப் பார்த்தால் டின் தெரியவில்லை, டின்னைப் பார்த்தால் குறிமுனை தெரியவில்லை. தம்பி அடிக்கிறார், அண்ணன் விடுகிறார். தம்பி எல்லார் எதிரிலும் கேலி செய்கிறார். கண்ணாடி போட்டுக்கொள்ளக் கஃபீலுக்கு வெட்கம். கடைசியில் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, துப்பாக்கிமேல் மாட்டி, குறியைக் கிட்டத்தில் காட்டுகிற ஸ்கோப் ஒன்று பார்த்து வாங்கு, நல்லதாக இருக்கணும், விலை குறைச்சலாகவும் இருக்கணும் என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். எனக்கு மிச்சமிருந்த வியாழக்கிழமை மத்தியானங்களும் போயின. வியாழன் அரை நாள் டியூட்டி. வந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கக் கிளம்பிவிடுவார். வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்து புழுங்குவதற்குக் கூடவே போகலாம் என்று நானும் கிளம்பினேன். ஃபஹாஹீலில் கடிகாரக் கடைகள், பைனாகுலர் விற்கிற கடைகள், அப்புறம் பஸ் பிடித்து சிட்டி சூக் கடைத்தெருவில் வேட்டைச் சாமான் விற்கிற ஒரு பாகிஸ்தானிக் கடை. என் கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது ஜவுளிக்கடைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த மனிதர் இவர். இங்கே ஒவ்வொரு ஸ்கோப்பாகக் கையில் வாங்கி, கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, திருகைக் காதோரம் வைத்துத் திருகி, அது 'டிக் டிக்' என்று ஓசையிடுகிறதா என்று கேட்டார். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏங்க, என்னை ஒருநாள் இப்படி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்களேன் என்று கேட்கத்தான் தோன்றியது.

கடைக்கார பாய் நல்ல மனிதர். கஃபீலின் ஆள் என்றதும் மூன்று ஸ்கோப்பை ஒரு நாளைக்குக் கொடுத்து அனுப்பினார், பார்த்துவிட்டு வேண்டியதை வைத்துக்கொள்ளச் சொல்லி. ஒன்று நீளமாக, பளபளவென்று, ஒன்பது மடங்கு வரைக்கும் பெரிதாக்கிக் காட்டுவது. இன்னொன்று பென்சில் தடிமன்தான் இருக்கும், சொற்ப விலை. மூன்றாவது ஜப்பான் சரக்கு, எப்போதும் நாலு மடங்குதான், திருகிக் கூட்ட முடியாது, பார்க்க ஒன்றுமே இல்லை. முதல் ஒன்றுக்குக் கேட்ட விலையில் பாதிகூட இல்லை அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தோட்டத்துக்கு வராமல் ஸ்கோப்பைப் பார்த்து முடிக்கும்படி கஃபீலே சொல்லியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமையில் புருஷன் வீட்டில்! கேசரி கிண்டினேன். அவரோ கேசரியை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு, அரிசி டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

டப்பாவுக்குள் அரிசியை அழுத்தி, அதன்மேல் ஸ்கோப்பை அசையாமல் பதித்தார். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும்படி திருப்பினார். தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பால் பவுடர் டின்னில் பூச்செடி வைத்திருந்தார்கள். தோட்டத்தில் டின்னுக்கும் சுடுகிற இடத்துக்கும் எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் இதுவும் என்றார்.

"இந்தா, நீயும் பாரு. கை படக் கூடாது. தலைய மட்டும் லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டு. உள்ள தெரியுதே கூட்டல் குறி, அது டின் மேலயே நிக்குதா, நவுருதான்னு சொல்லு."

முதலில் அந்தப் பளபளப்புக்காரியைப் பார்த்தேன். கண்ணெதிரே டின் வந்து நின்றது, அண்டா அளவுக்கு. ஆனால் வெயில் ஏறிய நேரம். தொட்டியின் விளிம்பும் டின்னும் கொதிக்கிற பாலில் ஆடுவதுபோல நெளிந்தன. தலையை ஆட்டினேன். கூட்டல் குறி டின்னின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஹாயாக நடந்து போனது. அடுத்தது அந்தப் பென்சில். உள்ளே ஒரே மூட்டம், சாயங்காலம் ஆனால் ஒன்றும் தெரியாது. மூன்றாவதில் டின் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் நெளியவில்லை. தலையை எப்படி ஆட்டினாலும் கூட்டல் குறி டின்மேல் ஒட்டிக்கொண்டு நின்றது.

பார்த்ததை உடனே சொல்லியிருப்பேன். அதற்குள் டப்பா கொஞ்சம் நகர்ந்து, தொட்டிக்குக் கீழே ஒரு பால்கனி கண்ணில் பட்டுவிட்டது. மலையாளத்துக் குடும்பம். புருஷனும் பெண்டாட்டியும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் ஏதோ சொன்னார், அவள் ஒரு காம்பை எடுத்து அவர்மேல் எறிந்தாள். நாலு மடங்கு கிட்டத்தில் பார்க்கும்போது பொறாமையும் நாலு மடங்காகத்தான் வந்தது. நான் கண்ணை எடுக்கவே இல்லை.

"என்ன, நவுருதா?"

வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெரிசுதான் நல்லது என்று சொல்லிவிட்டால்? கஃபீல் ஒரு டின்னைக்கூட அடிக்க மாட்டார். இவருக்கும் தோட்டத்து உறவு அத்தோடு முடிந்துபோகும். ஆனால் அதிக விலை கொடுத்து மட்டமான சாமானை வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான் நான்.

"அந்தப் பெரிசு வேணாங்க. ஆவி பறக்குது, குறியும் ஊரு சுத்துது. இந்தச் சின்னதுதான் சொன்ன இடத்துல நிக்குது."

அவரும் மறுபடி மறுபடி பார்த்தார். பாய் சொன்னது சரிதான் என்றார். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்பை ரொம்ப தூரத்துக் குறிக்கென்றே கட்டியிருப்பார்களாம், கிட்டத்தில் வைத்தால் கண் நகர நகரக் குறியும் நகருமாம். ஜப்பான்காரன் அதைச் சின்னத் துப்பாக்கிக்கென்றே, அதன் தூரத்துக்கு ஏற்றாற்போலச் செய்திருக்கிறான். "பரவால்லியே, உனக்கு நல்ல கண்ணு" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டுக்கே நான் உருகிப் போனேன். அப்படி ஒரு அசடு நான்.

ஸ்கோப்பில் மிச்சம் பிடித்தவர், அதைத் துப்பாக்கியோடு இணைக்கிற பிடிப்பிலும் மிச்சம் பிடித்தார். ஸ்கோப்போடு வந்த பிடிப்பு, துப்பாக்கியின் முதுகில் இருந்த பள்ளத்துக்குக் கொஞ்சம் அகலமாக இருந்தது. சரியான அளவுப் பிடிப்பு பாய் கடையில் இருந்தது. தனியாகக் காசு கொடுக்க வேண்டும். எதற்கு வீண் செலவு என்று பால் பவுடர் டின்னிலிருந்து மெல்லிசாக ஒரு தகடு வெட்டி, இடைவெளியில் சொருகி, திருகை இறுக்கிவிட்டார். ஸ்டோரில் எல்லாவற்றுக்கும் அவர் செய்கிற வைத்தியம் அது.

அதற்கடுத்த வெள்ளி கஃபீல் தம்பியைத் தோற்கடித்தார். தம்பி வாயே திறக்கவில்லையாம். கஃபீல் என் கணவரைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி இவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அன்றிலிருந்து வியாழக்கிழமை மத்தியானமும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது, பயிற்சிக்காம். என் வாயாலேயே நான் கெட்டேன். நல்லதைச் சொன்னதற்குக் கிடைத்த கூலி, அரை நாளும் சேர்ந்து போனது. அந்த வாரம் முழுவதும் ரசத்தில் உப்புப் போட மறந்தேன், வேண்டுமென்று அல்ல, நினைப்பு அங்கே இல்லை.

பிறகு ஒருநாள் அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "ஸ்கோப்ப நீதான் செலக்ட் பண்ணேன்னு கஃபீல்கிட்ட சொன்னேன். ஒரே சிரிப்பு. இந்த வெள்ளி உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு" என்றார்.

இருக்கிறதில் நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அவர் பக்கத்திலேயே இருக்கப்போகிறேன் என்ற நினைப்பு. பிக்கப்பில் முன்சீட்டில் அவர்கள் இரண்டு பேர், பின்சீட்டில் நான். தோட்டத்தில் இறங்கினால், ஆண்கள் வாசல் அந்தப் பக்கம், பெண்கள் வாசல் இந்தப் பக்கம். நடுவில் ஆளுயர மதில். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய்விட்டார். வெள்ளிக்கிழமை, புருஷனும் நானும் ஒரே தோட்டத்தில், ஆனாலும் அவர் குரலைச் சுவருக்கு மேலாகத்தான் கேட்க முடிந்தது.

பெண்கள் பக்கத்தில் கஃபீலின் மனைவி இருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். கஃபீலின் அம்மா, அந்த வீட்டுப் பெரியம்மா, இருந்தார், தலையிலிருந்து கால்வரை கறுப்பு, எல்லாரும் அவர் சொல்லுக்கு எழுந்து நின்றார்கள். அப்புறம் வீட்டு வேலைக்கு இருந்த ஒரு பெண், இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரி. தமிழ்க் குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அவள்தான் அங்கும் இங்கும் பேச்சை மொழிமாற்றிச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைன்னா இவர கண்ணால பாக்க முடியலம்மா. ஒரு நாளுதான் லீவு, அதையும் அந்தத் துப்பாக்கி புடுங்கிக்குது" என்று நான் அவளிடம் கொட்டினேன்.

"ஒங்களுக்கு ஒரு நாளாவது இருக்கேக்கா. எனக்கு வெள்ளிக்கிழமைதான் வேல கூட" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் இதைச் சொன்னதை அவள் கஃபீலின் மனைவியிடமும் அரபியில் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் கண் கொட்டாமல் பார்த்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் பிக்கப்பிலிருந்து ஏதோ எடுக்கக் கஃபீலின் மனைவியோடு நானும் வாசலுக்குப் போனேன். பின்சீட்டில், நான் உட்கார்ந்து வந்த இடத்துக்குப் பக்கத்தில், கம்பளி விரித்து அதன்மேல் துப்பாக்கி படுத்திருந்தது. வரும்போது அது முன்சீட்டில் என் கணவர் மடியில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தேன். கட்டையில் வெயில் பட்டுத் தேன் நிறத்தில் மின்னியது. மேலே நான் தேர்ந்தெடுத்த அந்த ஸ்கோப், அட்சதை போட்டுக் கட்டிவைத்த ஜோடி மாதிரி பொருந்தியிருந்தது. கம்பளி நல்ல கம்பளி. எங்கள் வீட்டில் நாங்கள் போர்த்துவது அதில் பாதி தரம்கூட இல்லை.

"அம்மாடி, எவ்வளவு அழகு!" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நிற்பவளுக்கும் புரியட்டும் என்று தெரிந்த அரபியில், "வாயித் ஜேன்" என்றேன். ரொம்ப நல்லா இருக்கு என்று அர்த்தம். சொன்ன வார்த்தைதான் பாராட்டு. பார்த்த பார்வை முழுக்க எரிச்சல்.

கஃபீலின் மனைவி என் முகத்தையே பார்த்தாள். "மாஷா அல்லாஹ்" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, "மாஷா அல்லாஹ்" என்றாள், நான் எதையோ சொல்வேன் என்று எதிர்பார்க்கிறவள்போல. எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டிவைத்தேன். பிறகு யாரோ பையன் வந்து துப்பாக்கியை ஆண்கள் பக்கம் எடுத்துப் போனான்.

அன்று கஃபீல் சுட்டது ஒன்றுகூடப் படவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் முதலில் அமைதி, அப்புறம் தம்பியின் சிரிப்பு, அப்புறம் எல்லாருடைய சிரிப்பும். என்ன ஆயிற்று என்று கஃபீலின் அம்மா மருமகளைக் கேட்டார். மருமகள் ஏதோ பதில் சொன்னாள். பெரியம்மாவின் பார்வை என்மேல் வந்து நின்றது. அப்போது நான் ஏலக்காய் மணக்கிற கசப்புக் காப்பியைப் பாதி குடித்துக் கீழே வைத்திருந்தேன். பெரியம்மா ஏதோ சொல்ல, மருமகள் குனிந்து அந்த எச்சில் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"அக்கா, ஏதாவது அழகா இருக்குன்னா மாஷா அல்லாஹ் சொல்லணும். சொல்லாட்டி கண்ணு பட்டுரும்னு இவங்க நம்புறாங்க" என்று நுவரெலியாக்காரி என் காதோரம் சொன்னாள். "யாரு கண்ணு பட்டுச்சோ அவங்க குடிச்ச மிச்சத்த தெளிச்சா கழிஞ்சு போயிரும்."

எனக்கு முகம் சுட்டது. நம் ஊரில் நாமும் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறவர்கள்தானே. கண் படும் என்பது எனக்குப் புதுசு இல்லை. ஆனால் அடுத்தவர் கண் நம்மேல் படும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நானே அந்தக் கண் என்று யாரும் சொன்னதில்லை. அதைவிட மோசம், அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர், "கண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தத் தகடு வழுக்கிருச்சு. வெயிலு, குலுக்கல். ஸ்கோப்பு ஒரு பக்கமா சாஞ்சு போச்சு" என்றார். நான் நம்பினேன் என்றும் சொல்ல மாட்டேன், நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அதற்கடுத்த வெள்ளி ஹாரன் அடிக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. பெரியம்மா துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டதாகவும், கஃபீல் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம்.

நான் ஜெயித்துவிட்டேன்! வாயால் சொல்லவில்லை, ஆனால் மனசு குதித்தது. கடற்கரைக்குப் போனோம், பொரித்த மீன் வாங்கித் தின்றோம், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த ஒரு வெள்ளிக்கிழமையை இன்றைக்கும் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள் அப்படி இல்லை. அவர் வீட்டில்தான் இருந்தார். சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் தலை திரும்பும். கேசரி கிண்டி வைத்தால் நல்லா இருக்கு என்பார், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யோசிப்பார். ஒருநாள் நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, சமையல் மேடையில் காலி பால் பவுடர் டின்களை வரிசையாக அடுக்கிவிட்டு, எதிர்ச் சுவரோரம் போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் படுத்துக்கொண்டு வேறொருத்தியை நினைக்கிற புருஷனை என்ன செய்வது? துப்பாக்கி கிட்டத்தில் இருந்தபோதாவது அதைத் திட்ட முடிந்தது. இப்போது அது அலமாரிக்குள் இருந்துகொண்டு இங்கே என் வீட்டில் உட்கார்ந்திருந்தது. முன்பெல்லாம் பொழுது சாய வந்தாலும் சிரித்துக்கொண்டு வருவார், பசியோடு வருவார், பேசுவார். அந்த மனிதர் இவரைவிடத் தேவலை என்று பட்டது. அப்படிப் பட்டதே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"அந்தப் பாய் கடையில சரியான புடிப்பு இருக்குன்னீங்கல்ல? வாங்கிட்டு வாங்க" என்றேன். "கஃபீல்கிட்ட சொல்லுங்க, என் பெண்டாட்டி பெரியம்மா முன்னால வந்து ஒரு வார்த்தை சொல்லணுமாம்னு."

வாரம் முழுவதும் அடுப்படியில் மாஷா அல்லாஹ் சொல்லிப் பழகினேன். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். பெரியம்மா முன்னால் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தார்கள், புதுப் பிடிப்போடு. நான் கையை விரித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்றேன். பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. என் தலையில் கை வைத்தார். கஃபீலின் மனைவி மட்டும் என்னை முறைத்தாள். எதற்கு என்று தெரியாமல் நான் விழித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் 'டங்' என்றது. மறுபடி 'டங்'. ஆண்கள் கூச்சல் போட்டார்கள். என் கணவரின் குரலும் அதில் கேட்டது, எனக்கு எதிரில் ஒருநாளும் எழும்பாத குரல்.

கஃபீலின் மனைவி என் கையைப் பிடித்துச் சமையல் பக்கம் இழுத்துப் போனாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நுவரெலியாக்காரியிடம் படபடவென்று எதையோ சொன்னாள். அவள் கேட்டுவிட்டு முதலில் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"ஏன் சொன்னீங்கன்னு கேக்குறாங்கக்கா. இத்தன வெள்ளியா அவரு வீட்டோட இருந்தாராம். புள்ளைகளோட ஒக்காந்து சாப்புட்டாராம், இவங்கள கூட்டிக்கிட்டு கடல் பக்கம் போனாராம். கல்யாணம் பண்ணதுக்கு இப்பதான் மொத தடவையாம். நீங்க வந்து ஒரு வார்த்தையில கெடுத்துட்டீங்களாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கி ஒங்க காப்பி மிச்சத்த எடுத்துட்டு போனாங்கல்ல? துப்பாக்கியில தெளிக்கச் சொல்லி பெரிய மேடம் அனுப்புனது. மேடம் தெளிக்கலக்கா. சுவருக்கு அந்தாண்ட போயி மணல்ல ஊத்திட்டாங்க. தெளிச்சா சரியா போயிருமேன்னு."

நான் கஃபீலின் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. வெளியே இன்னொரு டின் விழுந்தது. எங்கள் இரண்டு பேர் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து விழுந்ததை நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். எனக்கு அந்த நிமிஷம் துப்பாக்கிமேல் பொறாமை இல்லை. அவள்மேல்தான் பொறாமை. அத்தனை பேர் எதிரில், மாமியார் தெளிக்கச் சொன்ன கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மணலில் ஊற்றுகிற துணிச்சல் எனக்கு எங்கே இருந்தது? நான் போய்ப் புதுப் பிடிப்பு வாங்கிவரச் சொன்னவள்.

சாயங்காலம் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். ஆண்கள் இன்னும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். பிக்கப்பின் பின்சீட்டில் அதே கம்பளிமேல் துப்பாக்கி படுத்திருந்தது. நான் குனிந்து, நிதானமாக, கட்டையிலிருந்து குழல் முனைவரைக்கும், நான் தேர்ந்தெடுத்த அந்த ஸ்கோப்பின் கண்ணாடிவரைக்கும் பார்த்தேன்.

"வாயித் ஜேன்" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். அவள் என் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாஷா அல்லாஹ் சொல்லச் சொல்லவில்லை.